மோர்ஸ் படிப்பிப்பது எப்படி, இன்று அதனால் யாருக்குப் பயன்?

களுவாஞ்சிகுடி ஆசிரியர் | வெள்ளி, இரவு 8.15

அனைவருக்கும் வணக்கம். நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சாரணர் குழுவுக்கும் பொறுப்பாக இருக்கிறேன். சென்ற விடுமுறையில் வாவிக் கரையில் இரண்டு நாள் பாசறை போட்டோம். இரவில் டோர்ச் வெளிச்சத்தால், எழுத்துகளைக் குறுகிய, நீண்ட மின்னல்களாக மாற்றி, மோர்ஸ் செய்தி அனுப்பப் போகிறோம் என்று பிள்ளைகள் மூன்று வாரமாகக் காத்திருந்தார்கள். புள்ளியும் கோடுமாக அச்சிட்ட அட்டவணையை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்திருந்தேன். ஏ முதல் இசட் வரை எல்லாரும் மனப்பாடம். எழுதிக் காட்டச் சொன்னால் ஒரு பிழை வராது.

இருட்டியதும் ஒரு குழுவை வாவியின் அக்கரைக்கு அனுப்பினேன். இக்கரையிலிருந்து "சென்ட் போட்" என்று ஆங்கிலத்தில் அனுப்பினோம், தோணியை அனுப்பு என்று பொருள்பட. அரை மணி நேரம் கழித்து அவர்கள் எழுதிய தாளைப் பார்த்தேன். ஈ, டி, ஈ, ஈ, டி என்று இரண்டே எழுத்துகளால் தாள் நிரம்பியிருந்தது. பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. அவர்கள் உழைக்காமல் விடவில்லை; நான்தான் எங்கோ தவறாகக் கற்பித்திருக்கிறேன்.

என் கேள்விகள் இரண்டு. இதைச் சரியாகக் கற்பிப்பது எப்படி? இன்று உலகில் இதை யாராவது உண்மையிலேயே பயன்படுத்துகிறார்களா? சக ஆசிரியர் ஒருவர் "செத்த வித்தையைப் பிள்ளைகள் தலையில் ஏற்றாதீர்கள்" என்றார். அவருக்கும் பிள்ளைகளுக்கும் உண்மையான பதிலைச் சொல்ல விரும்புகிறேன்.

கல்லடி வானொலி | வெள்ளி, இரவு 9.02

மாஸ்டர், அந்தத் தாளிலேயே பதில் இருக்கிறது. மோர்ஸில் ஈ (E) என்பது ஒரே ஒரு புள்ளி, டி (T) என்பது ஒரே ஒரு கோடு. எழுத்து எங்கே முடிகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு மின்னலையும் தனி எழுத்தாக எழுதிவிட்டார்கள். வெளிச்சத்தை அவர்கள் தவறவிடவில்லை, இடைவெளியைத்தான் தவறவிட்டார்கள். அட்டவணையில் இடைவெளி அச்சாவதில்லை அல்லவா?

மோர்ஸ் முழுவதும் நேரக் கணக்கு. புள்ளி ஓர் அலகு, கோடு மூன்று அலகு. ஓர் எழுத்துக்குள் குறிகளுக்கு இடையே ஓர் அலகு மௌனம், எழுத்துகளுக்கு இடையே மூன்று, சொற்களுக்கு இடையே ஏழு. வேகத்தை அளக்க "பாரிஸ்" என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். பின்னால் வரும் இடைவெளியையும் சேர்த்தால் அது சரியாக 50 அலகு. நிமிடத்துக்கு 20 சொல் என்ற வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லி விநாடி மட்டுமே ஒலிக்கும். அந்த நேரத்துக்குள் மனக்கண்ணில் அட்டவணையை விரித்துத் தேடி எடுக்க எவராலும் முடியாது. முதல் எழுத்தைத் தேடும்போதே மூன்று எழுத்து கடந்து போய்விடும்.

நான் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளன், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் செய்தி அனுப்பிப் பெறுபவன். நானும் முதலில் அட்டவணையில்தான் தொடங்கினேன், அதை மறப்பதற்கு ஓர் ஆண்டு பிடித்தது. பிறகுதான் கோக் முறை தெரியவந்தது. 1930களில் லுட்விக் கோக் என்ற ஜெர்மன் உளவியலாளர் வகுத்த முறை அது. முதல் நாளே முழு வேகத்தில் இரண்டே இரண்டு எழுத்துகளைக் கேட்க வேண்டும், வழக்கமாகக் கே, எம். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக எழுத வந்த பிறகுதான் மூன்றாவது எழுத்து. எழுத்து ஒரே ஓசையாகக் காதில் பதிந்துவிடும், அதற்குள் எத்தனை புள்ளி, எத்தனை கோடு என்று எண்ணும் பழக்கமே வராது. சிறு பிள்ளைகளுக்கு வேகம் அதிகமாகத் தெரிந்தால் எழுத்தை வேகமாகவே அனுப்பி, எழுத்துக்கு எழுத்து இடைவெளியை மட்டும் நீட்டிக் கொடுங்கள். எழுத்தையே இழுத்து அனுப்பினால் பிள்ளை மறுபடி எண்ணத் தொடங்கிவிடும்.

டோர்ச் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கண் காதைவிட மெதுவானது. ஒலியில் நன்றாகப் பழகிய பிறகே வெளிச்சத்துக்குப் போங்கள். இப்போதைய எல்இடி டோர்ச்சில் பொத்தானை அழுத்த அழுத்த ஒருமுறை பிரகாசம், ஒருமுறை மங்கல், ஒருமுறை சிமிட்டல் என்று மாறும். பொத்தானைத் தொடாமல் டோர்ச்சை எரியவிட்டு, ஓர் அட்டைத் துண்டால் மூடித் திறக்கச் சொல்லுங்கள். கப்பல்களின் சைகை விளக்குகளில் கதவு வைத்திருந்ததும் இதற்காகத்தான்.

சீலாமுனை மத்தளம் | வெள்ளி, இரவு 10.20

எனக்கு வானொலி தெரியாது, கூத்துத் தெரியும். மேலே அண்ணன் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா கூத்துப் பழக்கும் அண்ணாவியார். மத்தளம் பழக வருபவன் கையில் அவர் தாளைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. முதலில் வாயால் சொல்ல வேண்டும். தாளக்கட்டு வாயில் ஊறிய பிறகுதான் கை தோலைத் தொடும். "தகதிகதோம்" என்பதில் எத்தனை அடி இருக்கிறது என்று கேட்டால் எனக்கே எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வரும். ஆனால் தூக்கத்தில் தட்டினாலும் பிசகாது. வடமோடிக் கூத்துக்கும் தென்மோடிக் கூத்துக்கும் உள்ள நடை வேறுபாட்டை எண்ணிக்கையால் எவரும் உணர்வதில்லை. களரிக்கு வெளியே நிற்கிறவனும் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுகிறான்.

ஆகவே மாஸ்டர், புள்ளி, கோடு என்ற சொற்களையே வகுப்பில் எடுத்துவிடுங்கள். குறுகியதற்கு "தி", நீண்டதற்கு "தாஅ" என்று வையுங்கள். எல் என்ற எழுத்து "தி தாஅ தி தி". கே என்பது "தாஅ தி தாஅ". பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துச் சொல்ல விடுங்கள், தொடையில் தட்ட விடுங்கள். படுவான்கரைப் பிள்ளைகள் என்றால் அரை மணி நேரத்தில் உங்களையே முந்துவார்கள்.

மருதமுனைத் தமிழாசிரியர் | சனி, காலை 6.40

அஸ்ஸலாமு அலைக்கும். மத்தளத் தம்பி "தாஅ" என்று எழுதியிருப்பதைப் பார்த்து மகிழ்ந்தேன். அதை அவர் இலக்கணம் யோசித்து எழுதினாரோ தெரியாது, மிகச் சரியாக எழுதியிருக்கிறார்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று. மோர்ஸின் கோடு புள்ளியைப் போல் மூன்று மடங்கு. ஆகவே "தா" என்று சொன்னால் போதாது, "தாஅ" என்று அளபெடுத்தால்தான் கணக்குச் சரியாகும். கண் இமைக்கும் நேரமோ விரல் நொடிக்கும் நேரமோ ஒரு மாத்திரை என்று நம் இலக்கணம் வகுத்திருக்கிறது. கண்ணால் பார்க்கும் வெளிச்சம், விரலால் தட்டும் விசை, இரண்டுக்கும் ஏற்ற அலகு அது! அளபெடையைப் பரீட்சைக்காக மட்டும் படிக்கும் மாணவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும் போல் இருக்கிறது. மாஸ்டர் அனுமதித்தால் உங்கள் குழுவுக்கு ஒரு பாடம் எடுக்க நானே வருகிறேன்.

வாழைச்சேனைக் கடல் | சனி, காலை 11.30

எல்லாரும் மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் மறுத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பம் கடல் குடும்பம். நான் படகுகளின் மின்வேலை பார்க்கிறேன். என் தம்பி இயந்திரம் நின்று மூன்று இரவுகள் கடலில் மிதந்தவன். தூரத்தில் கப்பல்கள் போயின. அவன் டோர்ச் அடித்தான், சட்டையைக் கொளுத்தினான். ஒரு கப்பலும் திரும்பவில்லை. கடைசியில் வேறொரு பலநாள் படகுதான் கண்டு இழுத்து வந்தது. அந்த மூன்று இரவுகளில் என் தாய் எப்படி இருந்தாள் என்று எனக்குத்தான் தெரியும்.

கப்பல்களில் மோர்ஸ் கேட்டுக்கொண்டிருந்த காலம் முடிந்துவிட்டது. 1999 பெப்ரவரி 1 முதல் உலகம் முழுவதும் செய்மதியும் தானியங்கி வானொலியும் சேர்ந்த புதிய கடல் அபாய முறை முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. பிரெஞ்சுக் கடற்படை அதற்கும் முன்பே, 1997 ஜனவரி 31 அன்று, கடைசி மோர்ஸ் செய்தியை அனுப்பி நிறுத்திவிட்டது. பிள்ளைகளுக்குச் சொல்வதானால் படகில் வைக்கும் விஎச்எப் வானொலியின் 16ஆம் அலைவரிசையைச் சொல்லுங்கள். "மேடே" என்று மூன்று தரம் கூப்பிட்டு, எங்கே நிற்கிறோம், எத்தனை பேர் என்று சொல்லப் பழக்குங்கள். செய்மதிக்குச் சைகை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அபாயக் கருவி என்றால் என்ன என்று சொல்லுங்கள். மோர்ஸ் தெரிந்தால் உயிர் தப்பலாம் என்ற நம்பிக்கையோடு ஒரு பிள்ளை கடலுக்குப் போகக் கூடாது. அதுதான் என் பயம்.

கல்லடி வானொலி | சனி, பிற்பகல் 1.10

நானா, உங்கள் பயம் நியாயமானது. நீங்கள் சொன்ன ஆண்டுகளும் சரி. ஆபத்தில் முதலில் கையிலெடுக்க வேண்டியது விஎச்எப் தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மாஸ்டர் இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் ஆபத்துச் சைகை வேறு, மோர்ஸ் என்ற மொழி வேறு. எஸ்ஓஎஸ் என்ற ஆபத்துச் சைகையை அனுப்ப 26 எழுத்தும் தேவையில்லை. மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில், நடுவே எழுத்து இடைவெளி விடாமல் ஒரே தொடராக. 1906இல் பெர்லினில் கூடிய சர்வதேச மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டு 1908இல் நடைமுறைக்கு வந்தது. அது எந்தச் சொல்லின் சுருக்கமும் அல்ல. எவர் காதிலும் தவறாமல் விழக்கூடிய தாளம் என்பதால் தேர்ந்தார்கள். இன்றும் கடல் மோதல் தடுப்பு விதிகளில் அது ஏற்கப்பட்ட அபாயச் சைகை. சும்மா ஆட்டிய டோர்ச்சை வலை போடுகிறவனின் விளக்கு என்று கப்பல்காரன் நினைக்கலாம். ஒழுங்கான தாளத்தில் மறுபடி மறுபடி வரும் ஒன்பது மின்னலை அப்படி நினைப்பது கடினம். வானொலியும் பற்றரியும் செத்த பிறகு எஞ்சுவது அதுதான்.

உங்கள் படகுகளிலும் மோர்ஸ் ஒளிந்திருக்கிறது. மூடுபனியில் மீன்பிடிக் கலம் இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத இடைவெளியில் ஒரு நீண்ட ஊதல், இரண்டு குறுகிய ஊதல் கொடுக்க வேண்டும் என்பது விதி. அது மோர்ஸின் டி (D). சுற்றிலும் ஆழமான பாதுகாப்பான நீர் என்று காட்டும் மிதவைகள் சிலவற்றில் வெள்ளை விளக்கு ஒரு குறில், ஒரு நெடிலாக மின்னும், அது ஏ.

மாஸ்டர் கேட்ட "இன்று யார்" என்ற கேள்விக்கு வருகிறேன். விமானங்களுக்கு வழிகாட்டும் தரை வானொலி நிலையங்கள் தங்கள் அடையாள எழுத்துகளை மோர்ஸிலேயே திரும்பத் திரும்ப அனுப்புகின்றன. சரியான நிலையத்தைப் பிடித்தோமா என்று விமானி அதைக் கேட்டு உறுதி செய்கிறார். எங்களைப் போன்ற அமெச்சூர்கள் உலகெங்கும் நாள்தோறும் மோர்ஸில் கதைக்கிறோம். 2003இல் சர்வதேச விதி மாறி, உரிமத்துக்கு மோர்ஸ் பரீட்சை கட்டாயம் என்ற நிபந்தனை நீங்கிவிட்டது. இன்று பழகுகிறவர்கள் விரும்பியே பழகுகிறார்கள்.

விரும்புவதற்குக் காரணமும் இருக்கிறது. குரலை அனுப்ப ஏறக்குறைய 2,500 ஹெர்ட்ஸ் அகலமான அலைப் பாதை வேண்டும். மோர்ஸுக்கு 150 போதும். இருக்கிற சக்தி முழுவதும் அந்த ஒடுங்கிய பாதையில் குவிவதால் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வரும். சிற்றலையில் 14.100 மெகாஹெர்ட்ஸில் உலகின் 18 அடையாள நிலையங்கள் மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்றாக முறை வைத்து ஒலிப்பதற்கென ஓர் ஏற்பாடு இருக்கிறது. இலங்கைக்கு உரியது 4எஸ்7பி. ஒவ்வொரு நிலையமும் தன் பெயரை மோர்ஸில் சொல்லிவிட்டு நான்கு நீண்ட ஒலிகளை விடும்: முதலாவது 100 வாட், அடுத்தது 10, பிறகு 1, கடைசியில் 0.1 வாட். ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு சக்தியில், கடல்களுக்கு அப்பாலிருந்து வரும் அந்தக் கடைசி ஒலி காதில் விழும்போது எனக்கு இப்போதும் உடல் சிலிர்க்கும். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்து, வாவியின் அடியிலிருந்து எழும் பாடும்மீனின் மெல்லிய ஓசையைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதே வகைப் பொறுமைதான் இதற்கும் வேண்டும்.

பழைய தந்தி | சனி, மாலை 5.45

பிள்ளைகளே, நான் தபால் திணைக்களத்தில் தந்திப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பேரன் இந்த உரையாடலை வாசித்துக் காட்டினான்.

கம்பித் தந்தியில் நீங்கள் சொல்லும் "பீப்" ஒலி கிடையாது. கருவியின் இரும்பு நாக்கு கீழே விழும்போது ஒரு தட்டு, மேலே எழும்போது இன்னொரு தட்டு. இரண்டுக்கும் நடுவே உள்ள மௌனத்தின் நீளத்தால்தான் குறிலா நெடிலா என்று அறிவோம். நாங்கள் ஒலியைக் கேட்டதைவிட மௌனத்தைக் கேட்டதே அதிகம். ஓசை தெளிவாக விழக் கருவிக்குப் பின்னால் வெற்றுத் தகர டப்பா ஒன்றை வைத்துக்கொள்வதும் உண்டு. காது கேட்டுக்கொண்டே போகும், பென்சில் இரண்டு சொல் பின்னால் எழுதிக்கொண்டு வரும். பாதியில் ஒருவர் வந்து தேநீர் வேண்டுமா என்று கேட்டால் பதில் சொல்லிக்கொண்டே எழுதலாம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கைவாகு உண்டு. மறுமுனையில் யார் இருக்கிறார் என்று பெயர் சொல்லாமலே தெரிந்துவிடும். ஒருவர் நெடிலைக் கொஞ்சம் அதிகமாக இழுப்பார், இன்னொருவர் சொல் முடிவில் அவசரப்படுவார். முகமே பார்த்திராத ஒரு சக ஊழியருக்கு அன்று காய்ச்சல் என்று அவர் தட்டிய விதத்திலிருந்து கண்டுபிடித்திருக்கிறேன்.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி வந்தது. மறுநாள் காலை கருவியின் முன் உட்கார்ந்து விசையைத் தட்டினேன். கம்பிகள் தென்னைகளோடு கிடந்தன, பதில் வரவில்லை. அந்த மௌனம் எந்த எழுத்துமில்லாத மௌனம். அதை நான் மறக்கவில்லை. மாஸ்டர், பிள்ளைகளுக்கு இடைவெளியைக் கற்பியுங்கள். மற்றது தானாக வரும்.

அக்கரைப்பற்றுச் சகோதரி | சனி, இரவு 9.30

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதா என்று தயங்கினேன்.

என் தம்பிக்குப் பதினாறு வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கைகள் அவன் சொல் கேட்பதில்லை, பேச்சும் வராது. அறிவில் ஒரு குறையும் இல்லை. கூகுள் நிறுவனம் 2018இல் தன் கைத்தொலைபேசி விசைப்பலகையில் மோர்ஸைச் சேர்த்தது. அவனைப் போலவே மூளை முடக்குவாதத்தோடு பிறந்து, மோர்ஸ் மூலம் பேசிவரும் டானியா ஃபின்லேசன் என்ற அமெரிக்கப் பெண்மணி அதை உருவாக்க உதவினார். அதைப் பற்றி அறிந்த நாள் எங்கள் வீட்டில் பெருநாள் மாதிரி இருந்தது. தம்பியின் தலைக்கு இரு பக்கமும் ஒவ்வொரு பொத்தான் வைத்திருக்கிறோம். இடப்பக்கம் சாய்ந்தால் புள்ளி, வலப்பக்கம் சாய்ந்தால் கோடு. சற்று நிறுத்தினால் எழுத்து விழும். மோர்ஸ் செத்துவிட்டது என்று சொல்கிறவர்கள் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து அவன் பேசுவதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் அதில் ஆங்கில எழுத்துகள்தான் விழுகின்றன. அவன் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறான். "பாலம்", "பலம்", "பழம்" மூன்றும் ஒரே மாதிரி இருக்கின்றன. நான் வாசித்து உம்மாவுக்குச் சொல்கிறேன். உம்மாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. நான் வேலைக்குப் போன நேரத்தில் அவன் எழுதுவதை வாசிக்க வீட்டில் யாரும் இல்லை. தமிழுக்கு மோர்ஸ் வைக்க முடியாதா அண்ணா?

கல்லடி வானொலி | சனி, இரவு 11.50

சகோதரி, முடியும். ஜப்பானியர் தங்கள் காணா எழுத்துகளுக்கு வாபுன் என்று தனி மோர்ஸ் வைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஒரு குறியால் ஆகும் வடிவம் 2, இரண்டு குறியால் 4, மூன்றால் 8, நான்கால் 16. மொத்தம் 30. தமிழில் உயிர் 12, மெய் 18. மொத்தம் 30! ஆங்கிலம் அந்த முப்பதில் நான்கை மிச்சம் விடுகிறது, தமிழ் ஒன்றையும் விடவில்லை. ஆய்தத்துக்கு மட்டும் ஐந்து குறி வேண்டும். "க" என்றால் முதலில் மெய், பிறகு உயிர், இரண்டு எழுத்தாக அனுப்ப வேண்டும்.

எதற்கு எந்த வடிவம் என்பதைச் சும்மா வரிசையாகக் கொடுக்கக் கூடாது. இந்த முறைக்குப் பெயர் தந்த சாமுவேல் மோர்ஸோடு உழைத்த ஆல்பிரட் வெய்ல் அச்சகத்தில் எந்த எழுத்துக்கு எத்தனை அச்சு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதிகம் வருவதற்குக் குறுகிய குறி கொடுத்தார் என்று சொல்வார்கள். நாமும் எண்ண வேண்டும்.

களுவாஞ்சிகுடி ஆசிரியர் | ஞாயிறு, காலை 7.05

எண்ணும் வேலையை எங்கள் சாரணர்களிடம் விடுங்கள். பத்திரிகைப் பக்கங்களைப் பிரித்துக் கொடுக்கிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்: க, த, ம ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அகரம் மறைந்திருக்கிறது, அதையும் எண்ணினால்தான் கணக்குச் சரி.

அக்கரைப்பற்றுச் சகோதரி | ஞாயிறு, காலை 8.20

மாஸ்டர், தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு செய்தி சொல்லச் சொன்னான். ஹகரம் இல்லாமல் அவன் பெயரை எழுத முடியாது, ஆகவே ஹ், ஜ், ஷ், ஸ் நான்கும் வேண்டும். அடுத்தது, பத்திரிகை அவன் பேசுவது போல் பேசுவதில்லை. அவன் ஒரு நாளில் அதிகம் கூப்பிடுவது உம்மாவை. உகரம் பத்திரிகைக் கணக்கில் எங்கே வந்தாலும் அவனுடைய அட்டவணையில் ஒரே ஒரு சாய்வில் வர வேண்டும் என்கிறான். வலப்பக்கம் சாய்வது அவனுக்குக் கடினம், அதனால் ஒரு புள்ளி.

மருதமுனைத் தமிழாசிரியர் | ஞாயிறு, காலை 9.00

தம்பி சொல்வதே சரி. அவர் அட்டவணையை அவரே தீர்மானிக்கட்டும். அவர் ஒரு வாரம் எழுதியவற்றைச் சேர்த்துத் தாருங்கள், அதிலிருந்தே எண்ணுவோம். பத்திரிகைக் கணக்கு பாசறைக்கு இருக்கட்டும். கிரந்த எழுத்துகளை ஆய்தத்தோடு ஐந்து குறி வரிசையில் வைக்கலாம். அந்த வரிசையின் 32 வடிவங்களில் எண்களுக்குப் போனது 10 மட்டுமே.

வாழைச்சேனைக் கடல் | ஞாயிறு, காலை 10.15

தங்கச்சி, பொத்தான்கள் எப்படிப்பட்டவை? வலப்பக்கம் கடினம் என்றால் அது பொத்தானின் குற்றமாகவும் இருக்கலாம். படகுக் கருவிகளுக்குப் போடும் மெல்லிய விசைகள் என்னிடம் இருக்கின்றன, இறகு பட்டாலும் வேலை செய்யும். கல்லடித் தம்பி தமிழ் எழுத்தைத் திரையில் போடும் சிறு சுற்றுப்பலகையைச் செய்து நிரலை எழுதித் தந்தால் பெட்டியும் கம்பி வேலையும் நான் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அக்கரைப்பற்றுக்கு வரலாமா? வாப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

கல்லடி வானொலி | ஞாயிறு, காலை 10.40

வியாழன் இரவுக்குள் நிரல் ஆயத்தமாகிவிடும். எழுத்து வரிசையைக் காலியாக விடுகிறேன், உகரத்தை மட்டும் இப்போதே போட்டுவிட்டேன். நானா, நீங்கள் போகும் வழியில் கல்லடியில் என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

களுவாஞ்சிகுடி ஆசிரியர் | ஞாயிறு, இரவு 8.30

இன்று மாலை பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தேன். அட்டவணைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கே, எம் இரண்டு மட்டும். "தாஅ தி தாஅ", "தாஅ தாஅ". கால் மணி நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்கள். பழைய தந்தி ஐயா, இடைவெளி வரும்போது எல்லாரும் மூச்சை நிறுத்துகிறார்கள், நீங்கள் பார்க்க வேண்டும். நாளை மூன்றாவது எழுத்து.